சூப்பர்நேச்சுரல் இம்பாலா என்று 6,500 ரூபாய்க்கு ஒரு பொம்மைக் கார்: வாங்கலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கப் பேய்க்கதைத் தொலைக்காட்சித் தொடரை முழுக்கப் பார்த்து முடித்திருக்கிறீர்கள். அதில் வரும் கறுப்பு இம்பாலாவைச் சின்ன அளவில் மேசைமேல் வைத்துக்கொள்ள ஆசை. சமூக ஊடகத்தில் ஒருவர் ஹாட் வீல்ஸ் என்ற பொம்மைக் கார் வரிசையின் '64 இம்பாலா (1964ஆம் ஆண்டு மாடல்) ஒன்றைக் காட்டி, "சூப்பர் ட்ரெஷர் ஹன்ட், சூப்பர்நேச்சுரல் கார், கிடைக்கவே கிடைக்காது, 6,500" என்கிறார். சூப்பர் மார்க்கெட்டில் ஹாட் வீல்ஸ் கார் 179 ரூபாய்க்குத் தொங்குகிறது. இவ்வளவு வித்தியாசம் நியாயமா, ஏமாற்றா, வாங்கி வைத்தால் பின்னால் விலை ஏறுமா என்று கேட்கிறீர்கள். இதில் மூன்று கேள்விகள் கலந்திருக்கின்றன. அது அந்தத் தொடரின் கார்தானா? அது உண்மையிலேயே சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் என்னும் அபூர்வ வகைதானா? அந்த விலைக்குத் தகுமா? முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குக் காரைப் பார்த்தால் சொல்லலாம். மூன்றாவதில் ஊகம் நிறைய உண்டு. பல ஆண்டுகளாக டை-காஸ்ட், அதாவது உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த பொம்மைக் கார்கள் சேர்க்கிறேன். கார்களைப் பிரித்து, பெயின்ட் மாற்றி, சக்கரம் மாற்றி கஸ்டம் செய்வதும் உண்டு. அதனால் போலி எப்படிச் செய்யப்படுகிறது என்பது கைப்பழக்கமாகவே தெரியும்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. தொடரின் நாயகர்களான அண்ணன் தம்பியில் அண்ணன் டீன் ஓட்டுவது 1967ஆம் ஆண்டு ஷெவர்லே இம்பாலா. நான்கு கதவு, நடுவில் தூண் இல்லாத ஹார்டுடாப். தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி முதலில் மனதில் வைத்திருந்தது 65 மஸ்டாங். '67 இம்பாலா எடு, அதன் டிக்கியில் ஒரு பிணத்தையே வைக்கலாம்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால் மாற்றியதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பேய் வேட்டைக்குப் போகும் அண்ணன் தம்பிக்கு அது எவ்வளவு பொருத்தமான வண்டி என்பது தொடர் பார்த்தவர்களுக்குத் தெரியும். உப்பும் துப்பாக்கியும் நிறைந்த அந்த டிக்கிதானே பாதிக் கதை! 2005 முதல் 2020 வரை, 15 சீசன், 327 எபிசோடு ஓடிய தொடரில் கடைசிவரை நிலைத்த மூன்றாவது பாத்திரம் அந்தக் கார். ஹாட் வீல்ஸ் '64 இம்பாலா வேறு வண்டி. இரண்டு கதவு, லோரைடர் (காரைத் தரையோடு தாழ்த்தி அலங்கரித்து ஓட்டும்) பண்பாட்டிலிருந்து வந்த வடிவம், ஆண்டும் வேறு. கறுப்பு நிறத்தில் இருப்பதால் மட்டும் அது டீனின் கார் ஆகிவிடாது. விற்பவர் அறியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பது வேறு விஷயம்.

அந்தத் தொடரின் காரேதான் வேண்டும் என்றால் நீங்கள் தேட வேண்டிய பெயர் கிரீன்லைட். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் இருக்கும் இந்த நிறுவனம் சினிமா, டிவி கார்களை உரிமம் வாங்கிச் செய்கிறது. 67 இம்பாலா ஸ்போர்ட் செடானை 'சூப்பர்நேச்சுரல்' பெயர் அச்சிட்ட அட்டையோடு 1:64 அளவில் வெளியிட்டிருக்கிறார்கள், பெரிய அளவுகளிலும் செய்திருக்கிறார்கள். 1:64 என்றால் நிஜ வண்டியில் 64இல் ஒரு பங்கு. ஹாட் வீல்ஸ் அளவேதான், உள்ளங்கையில் அடங்கும். கிரீன்லைட் கார்களில் பச்சை டயரோ பச்சைச் சக்கரமோ உள்ள 'கிரீன் மெஷின்' என்ற ஒரு வகை அபூர்வமாகக் கலந்து வரும். அதற்குத் தனி விலை சொல்வார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை. தொடரில் பார்த்த மாதிரி இருக்க வேண்டும் என்றால் சாதாரணக் கறுப்பு டயர் உள்ளதுதான் சரி. முதல் சீசன்களில் கன்சாஸ் மாநிலப் பதிவெண், கே.ஏ.இசட். 2ஒய்5. பின்பு ஒஹையோ பதிவெண்ணுக்கு மாறுவார்கள். எந்தக் காலத்து இம்பாலா பிடிக்கும் என்று முடிவு செய்துவிட்டு நம்பர் பிளேட்டைப் பார்த்து வாங்குங்கள். அந்தச் சின்ன விவரம்தான் மேசைமேல் வைத்தபின் சந்தோஷம் தரும்.

இனி ட்ரெஷர் ஹன்ட். மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸைத் தொடங்கியது 1968இல், 16 கார்களோடு. மெருகேற்றிய உலோகத்தின் மேல் ஒளி ஊடுருவும் நிறம் பூசுவார்கள். ஸ்பெக்ட்ராஃப்ளேம் என்று அதற்குப் பெயர். அந்தக் கால மினுமினுப்பு அதிலிருந்து வந்தது. பெரியவர்களும் இதைச் சேர்க்கிறார்கள் என்று புரிந்த பிறகு, 1995இல் ட்ரெஷர் ஹன்ட் என்ற வரிசையைக் கொண்டுவந்தார்கள். 12 கார்கள், ஒவ்வொன்றும் 10,000 மட்டும். அந்த முதல் வரிசையில் வந்த ஆரஞ்சுப் பட்டை போட்ட வெள்ளை 67 கமாரோ இன்றைக்கும் எல்லோரும் தேடும் கார். 2007இலிருந்து இது இரண்டாகப் பிரிந்தது. சாதாரண ட்ரெஷர் ஹன்ட் ஒன்று, ஸ்பெக்ட்ராஃப்ளேம் நிறமும் 'ரியல் ரைடர்' என்னும் ரப்பர் டயரும் கொண்ட சூப்பர் இன்னொன்று. இப்போது ஓர் ஆண்டின் மெயின்லைனில், அதாவது கடையில் தொங்கும் சாதாரண வரிசையில், 250 எண்கள் இருக்கும். கடைகளுக்குப் போகும் பெட்டிகளுக்கு ஏ முதல் கியூ வரை எழுத்து. ஐ, ஓ இரண்டையும் விட்டுவிடுவார்கள். ஆக 15 வகைப் பெட்டி, ஆண்டுக்கு 15 சூப்பர்.

அடையாளம் காண்பது கடினமில்லை. சாதாரண ட்ரெஷர் ஹன்டில், காருக்குப் பின்னால் அட்டையில் வட்டத்துக்குள் தீச்சுடர் சின்னம் வெள்ளி நிறத்தில் இருக்கும். காரிலும் எங்காவது ஓரத்தில் அதே சின்னம் ஒளிந்திருக்கும். சூப்பரில் அட்டைச் சின்னம் தங்க நிறம், காரில் 'டி.எச்.' என்ற எழுத்து, ஸ்பெக்ட்ராஃப்ளேம் நிறம், ரப்பர் டயர். இந்த நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். தங்கச் சின்னம் 2015 முதல்தான் உண்டு. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அட்டை எதுவும் காட்டிக்கொடுக்காது, காரைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முக்கியமாக ஒன்று: சூப்பருக்கு அதே எண்ணில் சாதாரண இரட்டை ஒன்று உண்டு. 179 ரூபாய்க்குத் தொங்குவதும் 6,500 கேட்கப்படுவதும் ஒரே அச்சில் பிறந்த கார்களாக இருக்கலாம். போலி செய்பவர்களுக்கு வாசல் திறந்திருப்பதும் இங்கேதான்.

ரப்பர் டயரை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். ஹாட் வீல்ஸின் பிரீமியம் வரிசைகளில் எல்லாக் கார்களுக்கும் ரப்பர் டயர்தான். அவற்றைப் பிரித்துச் சக்கரத்தை எடுத்துச் சாதாரணக் காரில் மாட்டுவது ஒரு மாலை வேலை. காரின் அடியில் பொதுவாக இரண்டு ரிவெட் (உடலையும் அடித்தகட்டையும் இணைக்கும் ஆணி) இருக்கும். அவற்றை டிரில்லால் துளைத்தால் அடித்தகடு கழன்று வரும். சக்கரத்தை மாற்றி, நிறத்தைச் சுரண்டி எடுத்து, உலோகத்தைத் தேய்த்து மெருகேற்றி, ஒளி ஊடுருவும் பெயின்ட் அடித்து, பசையோ திருகாணியோ வைத்து மூடிவிடலாம். இதைக் கஸ்டம் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான கைவேலை, நானே மதிப்பேன். சூப்பர் என்று சொல்லி விற்றால் மோசடி. அதனால் லூஸாக, அதாவது அட்டையில்லாமல் வரும் காரில் முதலில் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ரிவெட் தலை வழவழப்பாக, நசுங்கிய காளான் போல இருக்க வேண்டும். துளையோ, சில்லு பெயர்ந்த விளிம்போ, பசைப் பளபளப்போ தெரிந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கார் நிற்கும் உயரத்தையும் பாருங்கள். மாற்றிய சக்கரத்தில் முன்பக்கம் தூக்கியோ பின்பக்கம் படுத்தோ நிற்கும்.

அட்டையோடு இருந்தால் பிளாஸ்டிக் குமிழ் ஒட்டியிருக்கும் ஓரத்தைக் கவனியுங்கள். சூடு காட்டித் திறந்து மறுபடி ஒட்டிய அட்டையில் காகித நார் கொஞ்சமாவது பிய்ந்திருக்கும், ஓரம் அலையடித்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் பசையின் மினுக்கம் தெரியும். அடித்தகட்டில் உள்ள எண்களிலும் ஒரு குழப்பம் வரும். '© 1997 மேட்டல்' என்பதுபோல் ஓர் ஆண்டு இருந்தால் அந்தக் கார் அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று பொருளில்லை. அந்த அச்சு முதலில் உருவான காலத்தைத்தான் அது காட்டுகிறது. தயாரித்த காலம் தனியாக ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமுமாகப் பதிந்திருக்கும். எழுத்து ஆண்டு, இலக்கம் வாரம். பழைய காப்புரிமை ஆண்டைக் காட்டி "முப்பது வருஷப் பழசு" என்று நேற்று வந்த காரை விற்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இதுவரை சொன்னவை சோதித்துப் பார்க்கக்கூடியவை. இனிச் சொல்பவை சந்தேகத்துக்குரியவை. "இத்தனை பெட்டிக்கு ஒன்றுதான் வரும்" என்று விற்பவர்கள் சொல்லும் கணக்கு எல்லாமே சேகரிப்பாளர்கள் போட்ட ஊகம். 1995இல் எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொன்ன நிறுவனம் இன்றைய சூப்பர்களுக்கு அப்படிச் சொல்வதில்லை. 'எரர் கார்' என்று வருபவை இன்னும் வழுக்கலான இடம். பக்கவாட்டு அச்சு இல்லாமல் வந்தது, ஒரு சக்கரம் மாறி வந்தது என்பார்கள். தொழிற்சாலையில் அப்படி நடப்பது உண்மைதான். ஆனால் காரின்மேல் உள்ள அச்சை நகப்பூச்சு அழிக்கும் திரவம் துடைத்து எடுத்துவிடும். அதனால் லூஸாக வரும் எரர் காருக்கு நான் ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன். திறக்காத அட்டையில் இருந்தால் யோசிக்கலாம். புகைப்படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதற்கும் எல்லை உண்டு. ஸ்பெக்ட்ராஃப்ளேமும் சாதாரண மெட்டாலிக் பெயின்டும் கைப்பேசிப் படத்தில் ஒன்றுபோலவே தெரியும். நீங்கள் கேள்வியோடு போட்ட படத்தில் கார் முன்பக்கம் மட்டுமே தெரிவதால் அது அசலா என்று நான் சொன்னால் அது பொறுப்பில்லாத பதிலாகிவிடும்.

விலை விஷயத்தில் கேட்கும் விலை வேறு, போன விலை வேறு. இபே என்ற இணைய ஏலத் தளத்தில் 'விற்பனையானவை' என்று வடிகட்டிப் பார்த்தால் அதே கார் அண்மையில் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று தெரியும். பட்டியலில் ஐந்து பேர் 6,500 கேட்பதால் அது 6,500 மதிப்புள்ளது ஆகாது. அதே சமயம் இந்தியாவில் விலை கூடியிருப்பதற்குச் சில உண்மையான காரணங்களும் இருக்கின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதனால் அமெரிக்கக் கடைகளுக்கென்றே வரும் வால்மார்ட்டின் பெயின்ட் பூசாத 'ஜமாக்', டார்கெட்டின் 'ரெட் எடிஷன்' மாதிரியானவை இங்கே வந்து சேரும்போது செலவு கூடத்தான் செய்யும். அந்தக் காரணம் உங்கள் காருக்குப் பொருந்தாது. இங்கேயே கடைக்கு வந்த மெயின்லைன் பெட்டியிலிருந்து எடுத்தது என்றால், அவர் கொடுத்தது அட்டையில் அச்சிட்ட விலைதான். கடைக்காரரே எம்.ஆர்.பி.க்கு மேல் கேட்டால் அது சட்டப்படி தவறு, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வாங்கி வைத்தால் விலை ஏறுமா? என் கருத்தில், 'அரிது' என்று அச்சடித்தே விற்கப்படும் பொருளை நம்பிப் பணம் போடக் கூடாது. பொம்மை உலகில் பெரிய விலைக்குப் போனவை பெரும்பாலும் யாரும் பத்திரப்படுத்த நினைக்காதவை. ஹாட் வீல்ஸிலேயே 1969இன் ரியர் லோடிங் பீச் பாம் என்னும் ஃபோக்ஸ்வேகன் வேன், பின்கண்ணாடி வழியே அலைச்சறுக்குப் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும் சோதனை மாதிரி. உடல் ஒடுக்கமாக இருந்ததால் காரை உந்தித் தள்ளும் 'சூப்பர் சார்ஜர்' கருவியில் சரியாக ஓடவில்லை. வடிவத்தை அகலமாக்கிவிட்டுத்தான் கடைக்கு அனுப்பினார்கள். ஊழியர்கள் கையில் தங்கிய மாதிரிகள்தான் இன்று உச்ச விலை. ஸ்டார் வார்ஸில் ராக்கெட் பாயும் போபா ஃபெட் பொம்மையும் அப்படித்தான். 1979இல் கென்னர் நிறுவனம் அதை அறிவித்துவிட்டு, சின்ன ராக்கெட் குழந்தையின் தொண்டையில் சிக்கும் ஆபத்து என்று கைவிட்டது. மிஞ்சிய மாதிரிகளில் ஒன்று 2024இல் ஏலத்தில் 5,25,000 டாலருக்குப் போனது. மறுபக்கம், 1990களில் டை நிறுவனத்தின் பீனி பேபீஸ் துணிப்பொம்மைகளை "நாளை லட்சமாகும்" என்று எல்லோரும் அலமாரியில் பூட்டினார்கள். பத்தாண்டு முடிவதற்குள் அந்தச் சந்தை சரிந்தது. 1995க்குப் பிறகு வந்த ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை டப்பா திறக்காமல் குவித்தவர்கள் நிலையும் ஏறத்தாழ அதேதான். எல்லோரும் பத்திரமாக வைத்தால் எதுவும் அரிதாகாது. இன்றைய சூப்பர்களை வாங்குபவர்களில் அட்டையைக் கிழிப்பவர் மிகக் குறைவு என்பதை நினைத்துப் பாருங்கள்.

மலிவாக நல்ல பொருள் கிடைக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், கூட்டம் பார்க்காத இடத்தில் தேடுங்கள். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேட்டல் இந்தியாவில் லியோ நிறுவனத்தோடு சேர்ந்து ஹாட் வீல்ஸை இங்கேயே செய்த காலம் ஒன்று உண்டு. அந்த 'லியோ மேட்டல்' கார்களில் வேறெந்த நாட்டிலும் வராத நிறங்களும் அச்சுகளும் இருப்பதால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடிக் கேட்கிறார்கள். நம் ஊரிலோ அவை பரணிலும், காயலான் கடைச் சாக்கிலும், புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், சென்னையில் மூர் மார்க்கெட் எரிந்தபின் அல்லிக்குளத்துக்கு மாறிய பழம்பொருள் கடைகளிலும் தூசியோடு கிடக்க வாய்ப்பு இருக்கிறது. அடிப்பக்கத்தில் இந்தியா என்ற பதிவைப் பாருங்கள். மேட்டலுக்கே சொந்தமான மேட்ச்பாக்ஸும் பிரான்ஸில் பிறந்த மஜோரெட்டும் அதே கடையில் அருகருகே தொங்கியும் பதுக்குபவர்கள் அவற்றை அவ்வளவாகத் தொடுவதில்லை. அமானுஷ்யக் கதைகள் பிடிக்கும் என்பதால் இன்னொன்று: ஸ்கூபி டூவின் மிஸ்டரி மெஷின் வேன், கோஸ்ட்பஸ்டர்ஸின் எக்டோ-1 இரண்டும் ஹாட் வீல்ஸிலேயே வந்திருக்கின்றன. பேய் பிடிக்கும் வண்டிகள் என்று இம்பாலாவோடு சேர்த்து மூன்றையும் வரிசையாக வைத்தால் அழகாக இருக்கும்.

வாங்கியதைப் பாதுகாப்பதில் நம் கடற்கரை ஊர்களுக்குச் சிக்கல் அதிகம். ஈரப்பதத்தில் அட்டை வளையும், அச்சாணி துருப்பிடிக்கும். வெயில் நேராகப் பட்டால் பிளாஸ்டிக் குமிழ் மஞ்சளாகும். மூடிய பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, ஜன்னலுக்கு எதிரில் இல்லாத அலமாரியில் வையுங்கள். அது போதும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? அந்த விற்பனையாளரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: சாய்த்துப் பிடித்து, காருக்குப் பின்னால் அட்டையில் இருக்கும் சின்னம் தெரிகிற மாதிரி ஒன்று, குமிழின் நான்கு ஓரமும் தெரிய ஒன்று, அட்டையின் பின்பக்கம் ஒன்று, பகல் வெளிச்சத்தில் சக்கரம் அருகில் தெரிய ஒன்று. நான்கையும் அனுப்பினால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அனுப்பாமல் "இன்னொருத்தர் கேட்கிறார், இன்றைக்குள் முடிவு சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள். அவர் படங்கள் அனுப்பி, கார் அசல் சூப்பர் என்றே தெரியவந்தாலும், உங்கள் நிலையில் நான் அதை வாங்க மாட்டேன். நீங்கள் பதினைந்து சீசன் பார்த்தது அந்த நான்கு கதவு 67க்காக. கிரீன்லைட் இம்பாலாவுக்கு அந்தப் பணத்தை ஒதுக்குங்கள். அனுப்பும் செலவும் வரியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.